பத்தாம் நிலைக்குப் போன பஸ் டிரைவர்

வெர்னா டெர்க்சனுக்கு ‘அடித்தளம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருடமாகக் கனடாவில் மார்டன் என்ற சிற்றூரில் தன் வீட்டு முன்னறையில் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். ஆறு வயதில் மூக்கு ஒழுக வந்து நிற்கும் பிள்ளைகளை உட்காரவைத்து, விரலை வளைக்கப் பழக்கி, ஒவ்வொரு நிலையாகத் தேர்வுக்கு அனுப்பி, எட்டாம் நிலைவரை இழுத்துக்கொண்டு வருவாள். சரியாக அங்கே வந்ததும் பெற்றோரிடமிருந்து தொலைபேசி வரும்.

“வெர்னா, நீங்க பிள்ளைக்கு ரொம்ப நல்ல அடித்தளம் போட்டுக் குடுத்திருக்கீங்க. அதை நாங்க என்னைக்கும் மறக்க மாட்டோம்.”

அடுத்த மாதத்திலிருந்து பிள்ளை வின்னிபெக்கில் ஹால்வர்சன் என்ற பேராசிரியரிடம் போகிறது என்று இதற்குப் பொருள். ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக் கொண்டுபோய் விடுவார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தப் பிள்ளை பத்தாம் நிலையில் முதல் வகுப்பில் தேறினால், ஊர்ப் பத்திரிகையில் படம் வரும். படத்துக்குக் கீழே பேராசிரியரின் பெயர் வரும். அடித்தளம் போட்டவளுக்குக் கிரகப்பிரவேசத்துக்கு அழைப்புகூடக் கிடையாது. இப்படிப் பதினொரு பேர் போயிருந்தார்கள். வெர்னா யாரையும் திட்டவில்லை. எல்லாருக்கும் ருபார்ப் கேக் சுட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, அன்று முழுக்கத் தன் கணவன் ஏபின் மீது எரிந்து விழுவாள்.

போகாமல் மிஞ்சியவன் ஒருவன்தான். ரோலன்ட் ஃபெர், நாற்பத்தொரு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். அவனும் ஏதோ விசுவாசத்தால் மிஞ்சவில்லை. காலையில் ஒரு ஓட்டம், பகல் பன்னிரண்டுக்குப் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு ஓட்டம், மூன்றரைக்கு இன்னொன்று. நடுவில் வின்னிபெக் போய்த் திரும்ப அவனுக்கு நேரமில்லை. செவ்வாயும் வியாழனும் ஒன்பதரைக்கு அந்த மஞ்சள் பேருந்தை வெர்னாவின் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்துவான். எதிர்வீட்டுக்காரருக்குத் தன் காரை வெளியே எடுக்க முடியாது. அவர் இரண்டு முறை வந்து சண்டை போட்டார். மூன்றாம் முறை அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

ரோலன்ட் வெர்னாவின் பள்ளியில் அவளுக்கு ஆறு வகுப்பு கீழே படித்தவன். ஊர்த் தேவாலயச் சபையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பியானோ வாசிப்பது அவன்தான். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, தனக்கு முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றான். பேருந்து இருக்கை அவன் முதுகைத் தின்றுகொண்டிருந்தது. ஐம்பது வயதுக்குள் அதிலிருந்து இறங்கி, தானும் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். அதற்கு ஆசிரியர் டிப்ளமோ வேண்டும். டிப்ளமோவுக்குப் பத்தாம் நிலையில் எழுபத்தைந்து மதிப்பெண் வேண்டும். ஒன்று குறைந்தாலும் விண்ணப்பத்தையே வாங்கமாட்டார்கள்.

இந்த வருடம் ஜனவரியில் ட்ரிஷ் ஹார்டர் தொலைபேசியில் வந்தாள். அவளுடைய பன்னிரண்டு வயது மகள்தான் வெர்னாவின் கையில் இப்போது இருப்பவர்களில் நல்ல கை. எட்டாம் நிலையை முடித்திருந்தாள். வெர்னாவுக்குக் குரலைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது.

“கோவிச்சுக்காதீங்க வெர்னா. உங்ககிட்ட படிச்சு யாராவது பத்தாம் நிலை வரைக்கும் போயிருக்காங்களா? என் வீட்டுக்காரர் அதைத்தான் கேக்கறாரு.”

“ஜூன்ல ஒருத்தன் போறான்.”

“யாரு?”

“ரோலன்ட் ஃபெர்.”

“நம்ம பஸ் ஓட்டற ரோலன்ட்டா?”

“அவனேதான். அவனுக்கும் விரல் பத்துதான் ட்ரிஷ்.”

“இல்ல இல்ல, நான் தப்பா சொல்லல. சரி, அவன் மார்க் வரட்டும். அதுவரைக்கும் பொறுத்துப் பாக்கறோம்.”

வெர்னா தொலைபேசியை வைத்துவிட்டு, ஏபிடம் போய், எழுபத்தைந்து வாங்காமல் ரோலன்ட் திரும்பி வந்தால் அவனைப் பேருந்துக்கு அடியிலேயே போட்டுவிடப் போவதாகச் சொன்னாள். ஏப் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை செய்கிறவன். அவனுக்கு நிதானமே மூச்சு.

“அவனைப் போட்டுட்டா பஸ்ஸை யாரு ஓட்டறது?” என்றான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வெர்னாவின் ரத்த அழுத்தம் ரோலன்ட்டின் கையில் இருந்தது. மைனஸ் முப்பத்தைந்தில் பேருந்து கிளம்பாமல் போய் மூன்று பாடம் வீணானது. அவன் விரல்களோ பண்ணைத் தொத்திறைச்சி மாதிரி. இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவில் புகுந்தால் வெளியே வர யோசிக்கும். ஸ்கேல் எனும் ஸ்வர வரிசைகளைப் பேருந்து ஸ்டீயரிங்கில் பழகுவான். வேகம் வந்தது, ஆனால் எல்லா ஸ்வரத்திலும் ஒரே கனம். எல்லாவற்றையும்விட அவளைப் பாடாய்ப் படுத்தியது அவனுடைய சபைப் பழக்கம். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு நூலளவு நிற்பான்.

“எதுக்கு நின்ன?”

“நிக்கலையே.”

“நின்ன. வரி முடிவுல நின்ன. யாரு மூச்சு வாங்கறதுக்கு நின்ன? இங்க பாட வந்தவங்க யாராவது இருக்காங்களா?”

“பதினஞ்சு வருஷப் பழக்கம் டீச்சர். நான் நிக்கலைன்னா சபையில பாதிப் பேருக்கு மூச்சு முட்டிடும்.”

“தேர்வாளருக்கு மூச்சு நல்லாத்தான் வரும். நீ பாட்டுக்குப் போ.”

“சரி டீச்சர்” என்பான். அடுத்த வரி முடிவில் நிற்பான்.

ஐந்து உருப்படிகளில் நான்கு ஒருவழியாகப் படிந்தன. ஐந்தாவது ஒரு ஃபியூக். மூன்று குரல்கள், ஒன்று போன பாதையிலேயே மற்றது துரத்திக்கொண்டு வரும். இரண்டு கைக்குள் மூன்று பேர் பேசுகிற கணக்கு. பார்க்காமல், நினைவிலிருந்து வாசிக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் மூன்று குரலும் நெருங்கி வருகிற இடத்தில் ரோலன்ட் ஒவ்வொரு முறையும் தொலைந்துபோவான். அவன் தொலைந்ததும் வெர்னா பாடுவாள். மேற்குரலை இரண்டு மூன்று ஸ்வரம் எடுத்துக் கொடுத்தால் போதும், அவன் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுவான்.

அவள் அதை ஒரு முறையாக வைத்துச் செய்யவில்லை. சபையில் எல்லாரும் செய்வதுதான். நான்கு குரலாகப் பிரிந்து பாடும்போது யாராவது தன் குரலைத் தவறவிட்டால், பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்க்கமாட்டார்; தன் குரலைக் கொஞ்சம் உயர்த்துவார். தவறியவர் அதோடு சேர்ந்துகொள்வார். அதற்கு யாரும் யாருக்கும் நன்றிகூடச் சொல்வதில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த வெர்னாவுக்குத் தான் பாடுகிறோம் என்பதே பாதி நேரம் தெரியாது.

“பாடம் முழுக்க உன் குரல்தான் கேக்குது. யாரு படிக்கிறாங்க, நீயா அவனா?” என்று ஏப் ஒருமுறை சமையலறையிலிருந்து கேட்டான்.

“அவன் நின்னுட்டா என்ன பண்ணச் சொல்ற, வாயைப் பாத்துக்கிட்டு உக்காரவா?”

“எனக்கென்ன தெரியும். நான் டிராக்டர் ஆளு.”

ஜூன் பதினான்காம் தேதி விங்க்லரில் ஒரு தேவாலயத்தில் தேர்வு. ரோலன்ட் ஒரு நாள் விடுப்பு எடுத்திருந்தான். வெர்னாவே அவனைக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். திருமணத்துக்கு வாங்கிய கோட்டில் அவன் மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்தான். வழியெல்லாம் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காகிதக் கோப்பைக்குள் துப்பிக்கொண்டே வந்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் ஃபியூக்கைப் பற்றித்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆசிரியர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. நடைக்கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேசையில் பெயர் சரிபார்க்கும் பெண் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். வெர்னா கதவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஒன்டாரியோவிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் ரோலன்ட்டை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். பழைய கதவு, எல்லாம் கேட்டது.

ஸ்கேல்கள் ஓடின. அன்றைக்கு அவன் கை லேசாக இருந்தது. அவளாலேயே நம்ப முடியவில்லை. முதல் உருப்படியில் எந்த வரி முடிவிலும் அவன் நிற்கவில்லை. இரண்டாவதில் ஒரே ஒரு இடத்தில் நின்றான், மன்னித்துவிடலாம். மூன்றாவதும் நான்காவதும் நன்றாகவே போயின. வெர்னா மனதுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எண்பது வரும் போலிருந்தது. ட்ரிஷ் ஹார்டரிடம் எந்தக் குரலில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள்.

பிறகு ஃபியூக் தொடங்கியது. முதல் பக்கம் சுத்தமாக வந்தது. இரண்டாம் பக்கம், அந்த இடம். பியானோ நின்றது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வெர்னா எண்ணினாள். பின்னிக்கொண்டிருந்த பெண்ணின் ஊசி நின்றது. நான்கு. உள்ளே இடது கையில் ஏதோ ஒரு ஸ்வரம் மெல்லக் கேட்டது, அல்லது கேட்கவில்லை. ஐந்து எண்ணுவதற்குள் வெர்னாவின் வாய் திறந்துவிட்டது. முணுமுணுப்பு இல்லை, சபையில் மூன்றாம் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை கேட்கிற முழுக் குரல். மேற்குரலின் நான்கு ஸ்வரம் நடைக்கூடத்தில் கணீரென்று ஒலித்தது.

உள்ளே பியானோ தடதடவென்று எங்கோ விழுந்தது, மறுபடி நின்றது. பிறகு அவன் அந்தப் பக்கத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கி, கல்லில் நடப்பவன் மாதிரி கடைசிவரை வாசித்து முடித்தான்.

கதவு திறந்தது. தேர்வாளர் நடைக்கூடத்தை இரண்டு பக்கமும் பார்த்தார்.

“யாரு பாடினது?”

பின்னிக்கொண்டிருந்த பெண் தரையைப் பார்த்தாள்.

“நான்தான்” என்றாள் வெர்னா. “அவனோட டீச்சர்.”

“கட்டடத்துக்கு வெளியில போய் இருங்க, தயவுசெஞ்சு.”

நாற்பத்தேழு வயதில், வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டவள்போல அவள் காரில் போய் உட்கார்ந்தாள். முகம் எரிந்தது. இருபது நிமிடம் கழித்து ரோலன்ட் வந்தான். கோட்டைக் கழற்றிப் பின் இருக்கையில் போட்டான்.

“புதுசைப் பாத்து வாசிக்கறது சுமாரா போச்சு. ஸ்வரத்தைக் கேட்டுச் சொல்ற சோதனை நல்லாவே போச்சு” என்றான். ஃபியூக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளும் கேட்கவில்லை. விதைப்பு தாமதமாகிவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஏபிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“பாடியிருக்கக் கூடாதுதான். ஆனா நான் பாடலைன்னா அவன் அங்கேயே கல்லாட்டம் உக்காந்திருப்பான். முடிச்சிருக்கவே மாட்டான்.”

ஏப் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, “இருக்கும்” என்றான். அவன் ‘இருக்கும்’ என்றால் இல்லை என்று பொருள். அவள் அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அடுத்த மூன்று வாரமும் அதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெட்கம் வரும்போதெல்லாம் அந்தச் சமாதானத்தை முன்னால் நிறுத்திக்கொண்டாள். அவனைக் காப்பாற்றியது தன் குரல்தான். வழி கொஞ்சம் தவறு, அவ்வளவே.

மதிப்பெண் ஜூலை முதல் வாரம் வந்தது. எழுபத்துநாலு.

வெர்னா கணினித் திரையை மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். எழுபத்துநாலுதான். தேர்வாளரின் குறிப்பு கீழே இருந்தது. மற்ற உருப்படிகளைப் பாராட்டியிருந்தார். ஃபியூக்குக்கு எதிரே, நினைவு இரண்டு இடங்களில் தவறியது என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். பாடியதைப் பற்றி எதுவும் இல்லை.

இரண்டு இடமா? அவளுக்கு ரத்தம் கொதித்தது. ஒரே இடம்தானே. தன் காதால் கேட்டாள். இந்த ஒரு மதிப்பெண்ணை அந்த அம்மாள் வேண்டுமென்றே பிடுங்கியிருக்கிறார், தன்னைப் பழிவாங்க அவனிடம் கைவைத்திருக்கிறார் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. உட்கார்ந்து ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதத் தொடங்கினாள். இரண்டு பக்கம் வந்தது. அதற்குள் ட்ரிஷ் ஹார்டர் அழைத்தாள். யார் சொன்னார்களோ, செய்தி போயிருந்தது. மிகவும் மரியாதையாகப் பேசினாள். ‘அடித்தளம்’ என்ற அந்தச் சொல்லையும் சொன்னாள். பன்னிரண்டாவது பிள்ளையும் போயிற்று.

பள்ளி விடுமுறை என்பதால் செவ்வாய்க்கிழமை ரோலன்ட் பேருந்து இல்லாமல் தன் பிக்கப் வண்டியில் வந்தான். வெர்னா கடிதத்தை அவன் மடியில் வைத்தாள்.

“படிச்சுட்டு கையெழுத்துப் போடு. நாளைக்கே அனுப்பறேன்.”

அவன் நிதானமாகப் படித்தான். படித்துவிட்டு மடித்தான்.

“இதை அனுப்ப வேண்டாம் டீச்சர்.”

“ஏன்? ஒரு மார்க் ரோலன்ட். ஒரே ஒரு மார்க். ரெண்டு இடத்துல தப்புன்னு பொய் எழுதி வெச்சிருக்கா. தப்பினது ஒரே இடம். நான் வெளியில உக்காந்து கேட்டேன்.”

“ரெண்டுதான்.”

“எங்க?”

அவன் தன் கைகளைப் பார்த்தான். அவள் விடவில்லை.

“எங்கன்னு சொல்லு.”

“முதல்ல ஒரு தடவை நின்னேன். அது என் தப்பு. அப்புறம் தேட ஆரம்பிச்சேன். மேல ஒண்ணும் கிடைக்கல. கீழ்க்குரல் எங்க போகுதுன்னு யோசிச்சேன், அது ஞாபகம் வந்துடுச்சு. இடது கையை வெச்சேன். முதல் ஸ்வரம் சரியா விழுந்துச்சு. அப்பத்தான் நீங்க பாடினீங்க.”

வெர்னா கையெழுத்துக்காக எடுத்து வைத்திருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

“உங்க குரலைக் கேட்டதும் கை தானா மேல போயிடுச்சு. ஒன்பது வருஷம் அப்படித்தானே. கையில இருந்ததை விட்டுட்டேன். அதுதான் ரெண்டாவது.” அவன் சொல்லிக்கொண்டே அந்தக் கடிதத்தை இன்னும் சிறிதாக மடித்தான். “அந்தம்மா பாவம் டீச்சர். பாட்டைப் பத்தி எழுதாம விட்டாங்க.”

“ஏன் அன்னைக்கே சொல்லல?”

“சொல்லி என்ன ஆகப் போவுது? நீங்க எனக்கு உதவி பண்ணத்தானே நெனச்சீங்க.”

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வின்னிபெக் போனவர்களில் ஒரு பெண் எப்போதோ கிறிஸ்மஸுக்கு வந்தபோது, ஹால்வர்சன் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேட்டதற்கு, “அவர் ஒண்ணுமே சொல்ல மாட்டாரு, நான் நின்னுட்டா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு” என்றாள். அதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று வெர்னா அன்று வயிறு வலிக்கச் சிரித்திருந்தாள். இப்போது அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார் மீது என்று தேடினால் அந்த அறையில் தன்னைத் தவிர வேறு ஆள் இல்லை. ஒரு மதிப்பெண்ணை ஒன்டாரியோக்காரி பிடுங்கவில்லை. தான்தான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பிடுங்கியிருக்கிறாள்.

“நான் கெடுத்துட்டேன் ரோலன்ட்” என்றாள். திரும்பாமலே சொன்னாள்.

அவன் இல்லை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் சொல்லாதது நெஞ்சில் குத்தியது.

“ஆகஸ்ட்ல மறுபடி போறேன். பேர் குடுத்துட்டேன்” என்றான்.

“சரி. நான் காரை எடுத்துட்டு…”

“நீங்க வர வேண்டாம்.”

“உள்ள வரல. வெளியில காருலயே உக்காந்திருக்கேன்.”

“காருலயும் வேண்டாம் டீச்சர்.”

குரலில் கடுமை இல்லை. பேருந்தில் எழுந்து நிற்கும் பிள்ளையை உட்காரச் சொல்வதுபோலத்தான் சொன்னான். வெர்னா வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பியானோவின் மேல் இருந்த பென்சிலை எடுத்தாள், வைத்தாள்.

“அப்ப பாடம்? அதுவும் வேண்டாமா?”

“பாடம் வேணும். அதுக்குத்தான் வந்திருக்கேன். ஆனா நான் நின்னா, நீங்க சும்மா இருக்கணும். எவ்வளவு நேரமானாலும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

ரோலன்ட் கட்டைகளின் மேல் கையை வைத்தான்.

“எனக்கும் தெரியாது” என்றான். “இதுவரைக்கும் நாம பாத்ததே இல்லையே.”